ஏக்கரில் தொடங்கி பேரலில் முடியும் கணக்கு: ஒரு எண்ணெய் ப்ராஸ்பெக்டின் அளவை மதிப்பிடுவது எப்படி?

கொங்கு நாட்டில் பெட்ரோலியம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. காங்கயம் பக்கமோ பவானி பக்கமோ போர் போட்ட தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் ஏடு மிதந்தால் போதும், சாயந்திரத்துக்குள் "நம்மூர்ல ஆயில் வந்துருச்சு" என்று வாட்ஸப்பில் வீடியோ சுற்ற ஆரம்பித்துவிடும். ஒரு குச்சியால் அந்த ஏட்டைக் குத்திப் பாருங்கள். துண்டு துண்டாக உடைந்து தனித்தனியே நின்றால் அது இரும்புச் சத்தில் வாழும் பாக்டீரியா விட்ட படலம். உடைந்த இடம் மறுபடி கூடிக்கொண்டால் எண்ணெய்தான். அப்போதும் முதலில் சந்தேகப்பட வேண்டியது பக்கத்து பெட்ரோல் பங்க்கின் நிலத்தடித் தொட்டியையும் கம்ப்ரசர் ஆயிலையும்தான்.

பிறகு எதற்கு இங்கிருந்து இப்படி ஒரு வழிகாட்டி? இரண்டு பேருக்காக. ஒருவர், கோவையிலும் ஈரோட்டிலும் பொறியியலோ புவியியலோ படித்துவிட்டு எண்ணெய் நிறுவன வேலைக்குத் தயாராகும் பிள்ளை. மற்றவர், "ஆயில் பிளாக்கில் பங்கு எடுங்க, அடியில பத்து கோடி பேரல் இருக்கு" என்று யாராவது கொண்டுவரும் பளபளப்பான அறிக்கையைப் புரட்டிப் பார்க்கும் மில் முதலாளி. ஈமு கோழிப் பண்ணைத் திட்டங்களில் பணத்தைப் போட்டு ஏமாந்த சீமை இது. ஒரு பெரிய எண்ணைக் காட்டினால், அது எந்தெந்தச் சின்ன எண்களைப் பெருக்கி வந்தது என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

ப்ராஸ்பெக்ட் என்பது இன்னும் துளையிடாத, ஆனால் துளையிடலாம் என்று வரைபடத்தில் குறித்துவைத்த இடம். அதற்குள் எவ்வளவு இருக்கலாம் என்பதுதான் நம் கணக்கு.

படி 1: நிலம் தகுதியானதா?

எண்ணெய் உருவாகி ஓரிடத்தில் தங்க வேண்டுமானால் நான்கு விஷயங்கள் ஒத்துவர வேண்டும். உயிர்ச்சத்து நிறைந்த களிப்பாறை ஆழத்தில் புதைந்து, தோராயமாக 60 முதல் 150 டிகிரி செல்சியஸ் வரை சூடேறி எண்ணெய் கொடுக்க வேண்டும். அது மூலப் பாறை. அந்த எண்ணெய் மேலேறி வந்து தங்க, துளைகள் உள்ள மணற்கல்லோ சுண்ணாம்புக்கல்லோ வேண்டும். அது தேக்கப் பாறை. அதற்கு மேல் கசியவிடாத மூடு பாறை. கடைசியாக, எண்ணெய் பக்கவாட்டில் நழுவிப் போகாமல் நிறுத்தும் வடிவம். நான்கும் இருந்தாலும் வரிசை தப்பக்கூடாது. எண்ணெய் நகர்ந்து முடிந்த பிறகு வடிவம் உண்டானால் பயனில்லை.

நம் பக்கம் முதல் விஷயமே இல்லை. சேலம், நாமக்கல் பக்கத்து நைஸ், சார்னோகைட் பாறைகளுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். பூமிக்குள் ஆழத்தில் பல நூறு டிகிரி சூட்டில் வெந்து உருமாறியவை அவை. உயிர்ச்சத்து ஏதும் இருந்திருந்தாலும் அந்தச் சூட்டில் மிஞ்சியிருக்காது. மணலும் களியும் அடுக்கடுக்காகப் படிந்த பள்ளங்களுக்குப் படிவுப் படுகை என்று பெயர்; இந்தியாவில் அவை 26 என்று, எண்ணெய், எரிவாயு ஆய்வைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான ஹைட்ரோகார்பன் தலைமை இயக்குநரகம் கணக்கு வைத்திருக்கிறது. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம் எதுவும் அவற்றில் வராது.

அதே காவிரி கிழக்கே போய்ச் சேரும் இடத்தில் கதை வேறு. இந்தியாவும் இலங்கையும் அண்டார்டிகாவும் ஒட்டியிருந்த நிலம் விரிசல் விட்டபோது உண்டான பள்ளங்களில், ஜுராசிக் காலக் கடைசியிலிருந்து மணலும் களியும் படிந்தன. சில இடங்களில் படிவின் கனம் 5 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. அதுதான் காவிரிப் படுகை. ஆண்டிமடம், சட்டப்பாடி, புவனகிரி, நன்னிலம், கமலாபுரம் என்று ஊர்ப் பெயர்களாலேயே பாறை அடுக்குகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஓஎன்ஜிசி அங்கே 1960களிலேயே துளையிடத் தொடங்கியது. நரிமணத்தில் எண்ணெய் 1980களில் கிடைத்தது. அந்த மணலில் பெரும்பங்கு மேற்கே இருக்கும் பழைய பாறைகள் தேய்ந்து இறங்கியது என்பதில் மட்டும் நமக்கு ஒரு சின்னப் பெருமை உண்டு.

இனி வரும் கணக்கெல்லாம் அந்தப் படுகையில் இருப்பதாக நான் கற்பனை செய்துகொண்ட ஒரு பயிற்சி ப்ராஸ்பெக்ட் மேல். எந்த உண்மையான வயலின் எண்ணும் இல்லை.

படி 2: பாறையின் கன அளவு

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். மற்ற எல்லாப் படியிலும் தப்பு செய்தால் விடை கொஞ்சம் ஆடும். இங்கே தப்பு செய்தால் விடையே மாறிவிடும்.

எண்ணெய் தண்ணீரைவிட லேசானது. நிலத்தடியில் தண்ணீர் நிறைந்த மணற்கல்லுக்குள் அது மேலே ஏறிக்கொண்டே போகும். கவிழ்த்த சட்டி போல வளைந்த மூடு பாறைக்குக் கீழே வந்தால் நின்றுவிடும். சட்டியின் விளிம்பு எந்த மட்டத்தில் மிகவும் தாழ்ந்திருக்கிறதோ அந்த மட்டம் வரைதான் நிரம்பும். அதற்கு மேல் வந்தது வழிந்து அடுத்த மேட்டுக்குப் போய்விடும். அந்த மட்டத்துக்கு வழிவு மட்டம் என்று பெயர்.

பூமிக்குள் இந்த வடிவத்தைக் காட்டுவது சீஸ்மிக் ஆய்வு. மேலிருந்து ஒலியலை அனுப்பி, அது பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளக்கிறார்கள். அந்த நேரத்தை ஆழமாக மாற்றி சமமட்டக் கோடுகள் வரைந்த படம்தான் உங்கள் கைக்கு வரும்.

நம் பயிற்சிப் படத்தில் மேட்டின் உச்சி 6,500 அடி ஆழத்தில், வழிவு மட்டம் 6,620 அடியில். நடுவே உயரம் 120 அடி. ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் அடங்கும் பரப்பு இப்படி:

6,540 அடிக் கோடு: 250 ஏக்கர்
6,580 அடிக் கோடு: 600 ஏக்கர்
6,620 அடிக் கோடு: 1,000 ஏக்கர்

தேக்க மணற்கல் அடுக்கின் கனம் 60 அடி.

எண்ணெய்த் துறையின் பழைய அளவையே ஏக்கர்-அடிதான், அதாவது ஒரு ஏக்கர் பரப்பில் ஓரடி கனம். தோட்டத்தை ஏக்கரிலும் போரை அடியிலும் பேசும் நமக்கு இது வசதி.

அவசரக்காரர் 1,000 ஏக்கரை 120 அடியால் பெருக்கி 1,20,000 ஏக்கர்-அடி என்பார். கொஞ்சம் நிதானமானவர் அடுக்கின் கனத்தை எடுத்து 60,000 என்பார். இரண்டும் தப்பு. மேடு விளிம்பில் மெலிந்துகொண்டே போகிறது. ஓரத்தில் 60 அடி கனமும் எண்ணெய்க்குள் இருக்காது.

சரியான முறை, துண்டு துண்டாக எடுப்பது. அடுத்தடுத்த இரண்டு கோடுகளின் பரப்பைக் கூட்டி இரண்டால் வகுத்து, இடைப்பட்ட 40 அடியால் பெருக்குங்கள். உச்சியிலிருந்து: 5,000, பிறகு 17,000, பிறகு 32,000. கூட்டினால் 54,000 ஏக்கர்-அடி. அடுக்கின் மேல்பரப்புக்கும் வழிவு மட்டத்துக்கும் இடைப்பட்ட மொத்தம் இது. இதில் அடுக்கின் அடிப்பரப்புக்குக் கீழே கிடக்கும் பாறை நம் கணக்கில் சேராது. அடிப்பரப்பு மேல்பரப்பைவிட 60 அடி கீழே அதே வடிவில் இருப்பதாக வைத்துக்கொண்டு, அதே முறையில் வழிவு மட்டம் வரை கணக்கிட்டால் 11,750 வருகிறது. கழித்தால் 42,250. வட்டமாக 42,000 ஏக்கர்-அடி.

60,000 என்று சொன்னவர் நாற்பது சதவீதத்துக்கு மேல் கூட்டிச் சொன்னார். 1,20,000 என்றவரைப் பற்றிப் பேச வேண்டாம். அறிக்கையில் பரப்பு, கனம் என்ற இரண்டே எண்ணைப் பெருக்கி, வடிவத்துக்கென்று எதையும் கழிக்காமல் விட்டிருந்தால் அந்தப் பக்கத்தை மடித்து வையுங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து படத்திலேயே இருக்கிறது. நேரத்தை ஆழமாக மாற்ற, ஒலி எந்த வேகத்தில் பாறையில் ஓடியது என்று தெரிய வேண்டும். மேட்டின் ஒரு பக்கத்தில் அந்த வேகத்தை 2 சதவீதம் தப்பாக வைத்தால், 6,560 அடி ஆழத்தில் 131 அடி பிசகும். மேட்டின் மொத்த உயரமே 120 அடி! அதாவது மேடே இல்லாமல் போகலாம். அல்லது பக்கத்திலிருக்கும் கிணற்றின் உண்மை வேகத்தைப் போட்டால் இரட்டிப்பாகலாம். தாழ்வான மேடுகள் எல்லாவற்றுக்கும் இந்தப் பிரச்சினை உண்டு. ஆகவே படத்தை வரைந்தவரிடம் முதலில் கேட்க வேண்டியது "எத்தனை ஏக்கர்?" என்றல்ல. "வேகம் எந்தக் கிணற்றிலிருந்து எடுத்தீங்க, அது எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருக்கு?" என்பதுதான்.

இன்னொன்று, சட்டி நிரம்பியே தீர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. வந்த எண்ணெய் குறைவாக இருந்திருக்கலாம், மூடு பாறை பாதியில் கசிந்திருக்கலாம், பிளவு ஒன்று வழி விட்டிருக்கலாம். ஆகவே 42,000 என்பதை நடு மதிப்பாக வைத்து, கீழே 20,000, மேலே 88,000 என்று ஒரு வீச்சு வைக்கிறேன். மேல் எண் எப்படி வழிவு மட்டத்தைத் தாண்டும் என்று கேட்பீர்கள். படமே தப்பாக இருக்கலாம், அடுக்கு 60 அடிக்கு மேல் கனமாக இருக்கலாம். இரண்டும் நடப்பதுதான்.

படி 3: பாறைக்குள் பாறை எவ்வளவு, இடம் எவ்வளவு?

60 அடி அடுக்கு முழுவதும் மணற்கல்லாக இருப்பதில்லை. நடுநடுவே களி வரிகள் ஓடும். எண்ணெய் ஓடக்கூடிய நல்ல மணலின் பங்கை மட்டும் எடுக்க வேண்டும். நமக்கு 0.55 என்று வைப்போம், கீழ் 0.40, மேல் 0.75.

அந்த மணலிலும் மணிகளுக்கு இடையே இருக்கும் காலி இடம்தான் பயன். இது நுண்துளை விகிதம். ஆழம் கூடக் கூட, மேலிருக்கும் பாரத்தாலும் துளைகளுக்குள் வளரும் படிகங்களாலும் இது குறையும். நடு மதிப்பு 0.20; வீச்சு 0.16 முதல் 0.25 வரை.

அந்தக் காலி இடம் முழுவதும் எண்ணெய் இருக்காது. ஆதியில் இருந்த தண்ணீரில் ஒரு பகுதி மணிகளை ஒட்டிக்கொண்டு வெளியேற மறுக்கும். கிணற்றில் இறக்கும் கருவி காட்டும் மின்தடையை வைத்து இந்தத் தண்ணீரின் பங்கைக் கணக்கிடும் சூத்திரத்தை ஆர்ச்சி என்ற பொறியாளர் 1942-ல் வெளியிட்டார். இன்றும் அதன் மேல்தான் எல்லாம் நிற்கிறது. உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், எண்ணெய் கடத்தாது. அதுதான் சங்கதி. நம் ப்ராஸ்பெக்டில் எண்ணெயின் பங்கு 0.62, வீச்சு 0.52 முதல் 0.74 வரை.

இந்த மூன்று எண்களும் நம் மேட்டிலிருந்து வந்தவை அல்ல. அங்கேதான் இன்னும் துளையே போடவில்லையே. அக்கம்பக்கத்துக் கிணறுகளில், அதே அடுக்கில், அதே அளவு ஆழத்தில் அளந்ததைக் கடன் வாங்குகிறோம். தரவுகளை ஹைட்ரோகார்பன் தலைமை இயக்குநரகத்தின் தேசியத் தரவுக் களஞ்சியத்தில் பார்க்கலாம். 2017-ல் தொடங்கப்பட்டது, நொய்டாவில் இருக்கிறது. பக்கத்துக் கிணற்றின் சராசரியை எடுக்காமல் அதிலேயே சிறந்த பத்தடியின் நுண்துளையை எடுத்துப் போடுவது இந்தத் தொழிலில் மிகவும் பழைய கைவேலை.

இந்த இடத்தில் ஒரு கேள்வி கட்டாயம் வரும், குறிப்பாகத் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களிடமிருந்து. இந்தியா முழுக்கப் பாறையைத் துளைத்தவர்கள் அவர்கள். "கருங்கல்லுல வெடிப்பு இருந்தாத் தண்ணி நிக்குதுங்களே, எண்ணெய் நிக்காதுங்களா?" நிற்கும். காவிரிப் படுகையின் கடல் பகுதியில் பிஒய்-1 வயலில் எரிவாயு கிடைத்தது வெடிப்பு விட்ட அடித்தளப் பாறையில்தான், அதாவது படிவுகளுக்கு அடியில் கிடக்கும் பழைய பாறையில். நிலத்தில் மாதானம் பகுதியில் அடித்தளத்தில் எண்ணெய் கண்டிருக்கிறார்கள். வியட்நாமின் பாக் ஹோ வயல் உலகப் பிரசித்தம், அதன் பெரும் எண்ணெய் கிரானைட்டில். அங்கெல்லாம் பழைய பாறை மேடாக நிற்க, பக்கத்துப் பள்ளத்தில் மூலப் பாறை கிடக்கிறது. எண்ணெய் பக்கவாட்டில் வந்து வெடிப்புகளில் புகுந்தது. ஆனால் வெடிப்புகளின் கொள்ளளவு மிகக் குறைவு, பாறையின் கன அளவில் பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்று, அதற்கும் கீழே. நம் மணற்கல்லில் ஒரு ஏக்கர்-அடிக்குச் சுமார் 407 பேரல் தேறும். நூற்றுக்கு ஒன்று வெடிப்புள்ள கருங்கல்லில், வெடிப்புகளில் 80 சதவீதம் எண்ணெய் என்று தாராளமாக வைத்தாலும் 48 பேரல்தான். அதனால் அடித்தள வயல் லாபமாக வேண்டுமானால் எண்ணெய் நிரம்பிய பாறையின் உயரம் நூற்றுக்கணக்கான அடி வேண்டும்.

படி 4: மேலே வந்தால் எவ்வளவு?

ஆழத்தில் எண்ணெய்க்குள் வாயு கரைந்திருக்கும். மேலே வர வர அழுத்தம் குறைந்து வாயு பிரிந்துவிடும், எண்ணெய் சுருங்கும். கீழே 1.30 பேரல் இருந்தால் மேலே தொட்டியில் 1 பேரல் என்று வைப்போம்.

ஒரு ஏக்கர்-அடி கன அளவு 7,758 பேரல். இப்போது எல்லாவற்றையும் பெருக்கலாம்:

7,758 × 42,000 × 0.55 × 0.20 × 0.62 ÷ 1.30 = சுமார் 1 கோடியே 71 லட்சம் பேரல்.

இது நிலத்தில் கிடப்பது. எடுக்கக்கூடியது அல்ல. இந்த இரண்டையும் கலந்து பேசுவதுதான் விற்பனை அறிக்கைகளின் முதல் தந்திரம்.

கரைந்த வாயுவின் உந்துதல் மட்டுமே இருந்தால் 5 முதல் 30 சதவீதம் மேலே வரும். கீழிருந்து தண்ணீர் நன்றாகத் தள்ளினால் 35-லிருந்து 75 வரைகூடப் போகும். துளையிடாத இடத்தில் எந்த உந்துதல் என்று யாருக்கும் தெரியாது. நான் நடுவே 25 சதவீதம் வைக்கிறேன், கீழே 15, மேலே 40. எடுக்கக்கூடியது சுமார் 43 லட்சம் பேரல்.

43 லட்சம் என்று கேட்டதும் மயங்க வேண்டாம். இந்தியா ஒரு நாளைக்கு 50 லட்சம் பேரலுக்கு மேல் செலவழிக்கிறது. டன்னில் சொன்னால் இது 6 லட்சம் டன்னுக்குச் சற்றுக் குறைவு. நாகப்பட்டினம் பனங்குடியில் 1993-ல் தொடங்கி, பின்னர் ஆண்டுக்கு 10 லட்சம் டன் திறனுக்கு வளர்ந்த பழைய சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஏழு மாதத் தீனி. ஆனாலும் நிலத்தில், ஏற்கெனவே குழாயும் தொட்டியும் போட்ட பகுதியில், இப்படிப்பட்ட சின்ன வயல்கள் பணம் கொடுக்கும். நடுக்கடலில் இதே அளவு கிடைத்தால் சிமெண்ட் போட்டு அடைத்துவிட்டு வந்துவிடுவார்கள்.

படி 5: எண்ணெய்க்குப் பதில் வாயு இருந்தால்?

பாறைக் கணக்கு அதேதான். ஏக்கர்-அடியை 43,560-ஆல் பெருக்கிக் கன அடியாக்குங்கள். மற்ற விகிதங்களைப் பெருக்கினால் வாயு இருக்கும் இடம் சுமார் 12.5 கோடி கன அடி. வாயு ஆழத்தில் நெருக்கப்பட்டுக் கிடக்கிறது, மேலே வந்தால் பல மடங்கு விரியும். எத்தனை மடங்கு என்பது அழுத்தத்தையும் சூட்டையும் பொறுத்தது. 6,560 அடியில் தண்ணீரின் எடை தரும் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 2,840 பவுண்டு. சூடு 100 டிகிரி என்று வைத்தால் சுமார் 170 மடங்கு. ஆக நிலத்தில் கிடப்பது 2,100 கோடி கன அடிக்குச் சற்று மேல். வாயு எண்ணெய்போல அடம்பிடிக்காது, 70 சதவீதம் எடுக்கலாம் என்றால் சுமார் 1,480 கோடி கன அடி, அதாவது 42 கோடி கன மீட்டர்.

6,000 கன அடி வாயு ஒரு பேரல் எண்ணெய்க்குச் சமம் என்ற வழக்கப்படி இது 25 லட்சம் பேரலுக்குக் கொஞ்சம் கீழே. அதே மேட்டில் எண்ணெய் இருந்தால் 43 லட்சம். எது இருக்கும் என்பதை மூலப் பாறை எவ்வளவு சூடேறியது என்பது தீர்மானிக்கும். அறிக்கையில் "எண்ணெய்ச் சமானம்" என்று மட்டும் போட்டிருந்தால், எது எவ்வளவு என்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். இரண்டுக்கும் விலை ஒன்றல்ல.

படி 6: ஒரு எண்ணை நம்பாதீர்கள், வீச்சைக் கேளுங்கள்

இதுவரை வந்த 43 லட்சம் நடு மதிப்புகளின் பெருக்கல். எல்லாக் கீழ் எண்களையும் பெருக்கினால் 6 லட்சம் வரும். எல்லா மேல் எண்களையும் பெருக்கினால் 2 கோடியே 90 லட்சம். பலர் இந்த இரண்டையும் வீச்சு என்று எழுதிவிடுவார்கள். யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு கீழ் எண்ணும் பத்தில் ஒரு வாய்ப்பில்தான் அதற்கும் கீழே போகும். ஐந்தும் ஒரே நேரத்தில் அப்படிப் போக லட்சத்தில் ஒரு வாய்ப்பு. மேல் பக்கமும் அப்படியே. ஒன்று மோசமானால் இன்னொன்று நன்றாக இருந்து ஈடு கட்டும்.

இதற்கு மாண்டி கார்லோ என்ற முறை. எக்செல்லில் பத்தாயிரம் வரி போட்டு, ஒவ்வொரு வரியிலும் ஐந்து எண்களையும் அவற்றின் வீச்சுக்கு ஏற்றபடி சீரற்று எடுத்துப் பெருக்கி, வரும் பத்தாயிரம் விடைகளை வரிசைப்படுத்துவது. கணினி இல்லாவிட்டால் கையாலும் செய்யலாம். ஒவ்வொன்றிலும் மேல் எண்ணைக் கீழ் எண்ணால் வகுங்கள். பாறையின் கன அளவு, மணல் பங்கு, நுண்துளை, எண்ணெய்ப் பங்கு, எடுக்கும் விகிதம் என்ற வரிசையில்: 4.4, 1.875, 1.56, 1.42, 2.67. ஒவ்வொன்றின் இயற்கை மடக்கையை எடுத்து வர்க்கப்படுத்திக் கூட்டினால் 3.88. அதன் வர்க்கமூலம் 1.97. மடக்கையிலிருந்து திருப்பினால் 7.2. இறுதி விடையின் மேல் எண், கீழ் எண்ணைப்போல் இத்தனை மடங்கு. இதன் வர்க்கமூலமான 2.68-ஆல் 43 லட்சத்தைப் பெருக்கியும் வகுத்தும் பாருங்கள்:

பி90: 16 லட்சம் பேரல். இவ்வளவாவது இருக்க 90 சதவீத வாய்ப்பு.
பி50: 43 லட்சம்.
பி10: 1 கோடியே 15 லட்சம். இவ்வளவுக்கு மேல் இருக்க 10 சதவீத வாய்ப்புதான்.

சராசரிக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. பி90-ஐ 0.3-ஆலும், பி50-ஐ 0.4-ஆலும், பி10-ஐ 0.3-ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள்: சுமார் 56 லட்சம். இது பி50-ஐவிடப் பெரிது, ஏனென்றால் மேல் பக்கத்து வால் நீளம். விற்பவர்கள் சராசரியையே சொல்ல விரும்புவது இதனால்தான்.

அந்த 3.88-க்குள் யார் பங்கு எவ்வளவு என்று பார்த்தால் இன்னொரு செய்தி கிடைக்கும். பாறையின் கன அளவு மட்டும் 57 சதவீதம். எடுக்கும் விகிதம் 25. மணல் பங்கு 10, நுண்துளை 5, எண்ணெய்ப் பங்கு 3. நுண்துளை 0.19-ஆ 0.20-ஆ என்று ஒரு வாரம் கூட்டம் போட்டுப் பேசும் குழுக்கள் உண்டு. அந்த வாரத்தை ஆழ வரைபடத்துக்குக் கொடுத்திருந்தால் விடை உண்மையிலேயே கூர்மையாகியிருக்கும்.

படி 7: "எவ்வளவு" வேறு, "உண்டா" வேறு

மேலே சொன்ன வீச்சு முழுவதும் "எண்ணெய் இருந்தால்" என்ற நிபந்தனைக்கு உட்பட்டது. இருக்கிறதா என்பதைத் தனியாகக் கணக்கிட வேண்டும். படி 1-ல் பார்த்த நான்கு விஷயங்களுக்கும் வாய்ப்பு கொடுங்கள். எண்ணெய் வந்து சேர்ந்திருக்க 0.8, நல்ல மணற்கல் இருக்க 0.7, மேடு உண்மையாக இருக்க 0.6, மூடு பாறை தாங்கியிருக்க 0.7. பெருக்கினால் 0.235. நான்கில் ஒன்றுக்கும் குறைவு. தனித்தனியே பார்த்தால் எதுவுமே மோசமில்லை, ஆனால் நான்கும் சேர்ந்து நடக்க வேண்டும் என்னும்போது இப்படித்தான் தேயும்.

சிலர் 56 லட்சத்தை 0.235-ஆல் பெருக்கி 13 லட்சம் பேரல் என்று எழுதுவார்கள். பல ப்ராஸ்பெக்டுகளை வரிசைப்படுத்தி எதை முதலில் தோண்டுவது என்று முடிவெடுக்க அந்த எண் உதவும். ஒற்றை ப்ராஸ்பெக்டில் பங்கு எடுப்பவருக்கு அதற்குப் பொருளே இல்லை. அங்கே 13 லட்சம் கிடைக்கப் போவதில்லை. நான்கில் மூன்று தடவை பூஜ்ஜியம் கிடைக்கும்.

இன்னும் ஒரு கேள்வி பாக்கி. கிடைத்தாலும் செலவு திரும்ப எத்தனை பேரல் வேண்டும்? அது 25 லட்சம் என்றால், நம் வீச்சில் அதைத் தாண்டும் வாய்ப்பு சுமார் 76 சதவீதம். 0.235-உடன் பெருக்கினால் 0.18. பணம் திரும்பும் வாய்ப்பு அதுதான்.

படி 8: அறிக்கையின் வார்த்தைகள்

உலகம் பின்பற்றும் வகைப்பாட்டை பெட்ரோலியப் பொறியாளர் சங்கம் 2007-ல் மற்ற அமைப்புகளோடு சேர்ந்து வெளியிட்டு 2018-ல் திருத்தியது. அதன்படி துளையிடாத இடத்தில் இருப்பதாக மதிப்பிடுவது எதிர்பார்ப்பு வளம். துளையிட்டுக் கண்டும் விலையோ அனுமதியோ சந்தையோ ஒத்துவராமல் நிற்பது நிபந்தனை வளம். கண்டு, எடுக்கத் திட்டம் போட்டு, லாபமாக எடுக்க முடியும் என்ற பிறகுதான் ரிசர்வ். துளையே போடாத இடத்துக்கு "ரிசர்வ்" என்று எழுதியிருந்தால் அந்த அறிக்கையை மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை.

அனுமதி என்பது நம் மாநிலத்தில் சின்ன விஷயமும் அல்ல. டெல்டா மாவட்டங்களைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய 2020-ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே புதிதாக எண்ணெய், எரிவாயு ஆய்வையும் துளையிடலையும் தடுக்கிறது. நம் பயிற்சி மேடு அந்த மண்டலத்துக்குள் இருந்தால், மேலே போட்ட எல்லாப் பேரலும் தாளோடு நிற்கும். பரப்பு எந்தத் தாலுகாவில் விழுகிறது என்று முதலில் பார்த்துவிட்டு அப்புறம் கால்குலேட்டரை எடுங்கள்.

படி 9: துளை போட்ட பிறகு

துளை காய்ந்து போனால் பெரும்பாலான இடங்களில் கோப்பை மூடி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். உண்மையில் அப்போதுதான் கணக்கை மறுபடி திறக்க வேண்டும். நான்கில் எது தோற்றது? மணற்கல் இருந்தும் தண்ணீர் மட்டும் வந்ததா, அப்படியானால் எண்ணெய் வரவே இல்லையா, வந்து கசிந்ததா? மாதிரிகளில் எண்ணெய்ச் சுவடு தெரிந்தால் வந்து போயிருக்கிறது; மூடு பாறைக்குக் கொடுத்த 0.7 அதிகம். மேடே இல்லை என்று தெரிந்தால் வேகக் கணக்கு தப்பு, அதே வேகத்தை வைத்து வரைந்த பக்கத்து மேடுகள் எல்லாவற்றையும் மறுபடி வரைய வேண்டும். எண்ணெய் கிடைத்தாலும் இதே வேலைதான். நல்ல மணல், நுண்துளை, எண்ணெய்ப் பங்கு மூன்றின் வீச்சும் குறுகும். கன அளவின் வீச்சு அவ்வளவாகக் குறையாது, ஒரு துளை ஒரு புள்ளியைத்தான் பார்த்திருக்கிறது. அதைக் குறுக்க, எண்ணெயும் தண்ணீரும் சந்திக்கும் மட்டத்தைத் தேடி மேட்டின் சரிவில் இரண்டாவது துளை போட வேண்டும். துளைக்கு முன்னால் போட்ட பி90, பி50, பி10 எண்களைத் தேதியோடு அப்படியே வைத்திருங்கள், திருத்தி எழுத வேண்டாம். எண்ணெய் கண்ட பத்துப் பதினைந்து கிணறுகளுக்குப் பிறகு, உண்மை விடைகளில் எத்தனை உங்கள் பி90-க்கும் கீழே போய் விழுந்தன என்று எண்ணிப் பாருங்கள். பத்தில் ஒன்றுக்கு மேல் விழுந்தால் உங்கள் கீழ் எண்கள் போதுமான அளவு கீழே இல்லை; அடுத்த ப்ராஸ்பெக்டுக்கு அவற்றை இன்னும் இறக்கிப் போடுங்கள்.